வரத்துக் கால்வாய்க்கு அனுமதி வாங்கிய கதை

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த மனுவையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கண்மாய்க்கு நீர் வரும் கால்வாயைத் தூர்வார அனுமதி கேட்டு ஜனவரியில் நாங்கள் கொடுத்த முதல் மனு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. "அப்படி எதுவும் வரவில்லையே" என்றார் எழுத்தர். எங்கள் கையில் சீட்டு இல்லை. ஏழு வாரம் வீணாகிவிட்டது.

மதுரை மாவட்டத்தில் மேலிருந்து கீழாக நான்கு கண்மாய்கள். மேல் கண்மாய் நிரம்பி உபரி நீர் வழிந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்கு வரத்து. ஒவ்வோர் ஊரிலும் ஒரு குழு தன் கண்மாய்க் கரையில் பனை விதை ஊன்றிக்கொண்டிருந்தது. இடையிலுள்ள கால்வாயோ மண் மேடிட்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. எங்களுடையது கடைக் கண்மாய். நல்ல மழை பெய்த ஆண்டிலும் பாதி நிரம்பவில்லை. நான்கு குழுக்களும் சேர்ந்து தூர்வாருவது என்று ஒரே மாலையில் முடிவெடுத்தோம். அனுமதி வர எட்டு மாதம் ஆனது.

40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் வயல், உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எங்கள் கண்மாய் பார்வைக்குப் பெரியது. அதை நம்பி ஒன்பது பேர் கூலி வேலையை விட்டுவிட்டு நீர்வளத் துறை அலுவலகம் போனோம். மேலே உள்ள இரண்டு மட்டுமே தங்கள் பொறுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர் நிற்கும் பரப்பு வேறு, அது பாயும் வயலின் அளவு வேறு. போவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ஆயக்கட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த அடி சர்வே எண்ணில். ஒரே கால்வாய்தான், வருவாய்க் கிராம எல்லை தாண்டியதும் அதன் எண் மாறிவிடுகிறது. மே 1 கிராம சபையில் நான்கு ஊரிலும் தீர்மானம் போட்டோம். எல்லாவற்றிலும் எங்கள் ஊர் எண்ணையே எழுதியிருந்ததால் மூன்று திரும்பி வந்தன. ஊருக்கு ஊர் புல வரைபடம் எடுத்து எண்ணை ஒப்பிட்ட பிறகே தீர்மானம் எழுத வேண்டும். அடுத்த கிராம சபைக்காக ஆகஸ்ட் 15 வரை மறுபடி காத்திருந்தோம்.

அலுவலகங்களைவிட எங்களைக் கவலைப்பட வைத்தது மேல் ஊர்தான். "கால்வாயை ஆழமாக்கிவிட்டு நாளைக்குக் கலிங்கையும் இடிப்பீர்கள். எங்கள் தண்ணீர் நிற்குமா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கலிங்கு என்பது கண்மாய் நிரம்பியதும் உபரி நீர் வழியும் கட்டுமானம்; அது இடிந்தால் தண்ணீர் தேங்காது. நியாயமான பயம். கலிங்கின் உயரத்தில் கை வைப்பதில்லை, அதன் அடியிலிருந்து முப்பது அடிக்கு மண் எடுப்பதில்லை என்று மனுவிலேயே எழுதி, நான்கு ஊர்க்காரர்களும் கையெழுத்திட்டோம். அந்தத் தாளைப் படித்த பிறகு, எங்களைத் திருப்பி அனுப்பிய அதே அலுவலகத்தில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு துறைகளின் அனுமதியும் செப்டம்பரில் வந்தது.

நிபந்தனைகளைக் கவனமாகப் படியுங்கள். அள்ளிய மண் கரையில்தான் கிடக்க வேண்டும். ஒரு டிராக்டர் வெளியே போனாலும் கனிமக் கடத்தல் வழக்காகிவிடும். புதர் வெட்டலாம், மரம் வெட்டக் கூடாது. அதைத் துறை மதிப்பிட்டு ஏலம் விட வேண்டும்.

ஐப்பசி மழையில் மூன்றாம் கண்மாய் மறுகால் பாய்ந்தது. இரவு பதினொரு மணிக்கு, மேல் ஊர்ப் பெரியவரே தொலைபேசியில் அழைத்து, "தண்ணீர் உங்கள் பக்கம் கிளம்பிவிட்டது" என்றார். டார்ச்சுடன் கால்வாய்க் கரையில் காத்திருந்தோம். விடிவதற்குள் வந்து சேர்ந்தது.

எங்கள் எல்லையில் இன்னும் நாற்பது கருவேல மரங்கள் கால்வாய்க்குள் நிற்கின்றன. மதிப்பீட்டுக்கு மனு கொடுத்தாயிற்று. இந்த முறை சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது.