பட்டத்தை உரித்த கதை

வேலை உறுதியான கடிதம் வந்த அன்று மாலையே ஏஜென்ட் கைப்பேசியில் அழைத்தார். வாழ்த்துச் சொல்வார் என்று பார்த்தால், "சார், டிகிரியை லேமினேஷன் செய்திருக்கிறீர்களா?" என்றுதான் ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். எதிர்முனையில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

வேலை எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவுக்குத் தென்கிழக்கே இருக்கும் மோஜோ என்ற ஊரில். அது தோல் ஊர். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரி ஆட்களுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. நான் குடியாத்தத்துக்காரன், பேரணாம்பட்டில் ஒரு டேனரியின் ஆய்வகத்தில் தலை நரைத்தவன். 1993இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். அப்போது எங்களுடையது வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல்தான் வந்தது. அதற்கு முன் வேலூர்க் கல்லூரிகளில் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுத்தது.

வெளிநாட்டு வேலைக்குப் பட்டச் சான்றிதழ் பல கை மாற வேண்டும். முதலில் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, பிறகு மாநில அரசின் மேலொப்பம், அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியில் தூதரகம். ஒவ்வொருவரும் சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை குத்துவார்கள். பிளாஸ்டிக்கின் மேல் மை நிற்காது. ஆகவே லேமினேஷன் செய்த சான்றிதழை யாரும் கையில் வாங்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அழைத்தார். "பெயரில் கடைசி எழுத்து கலங்கியிருக்கிறதே சார், திருத்தியது போல் தெரிகிறது. பேசாமல் டூப்ளிகேட் வாங்கிவிடுங்கள். தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும். புதிதாக, பளிச்சென்று வரும்."

அந்தக் கலங்கல் என் அப்பாவின் கட்டைவிரல்.

நான் பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. அங்கி வாடகை, சென்னைக்கு டிக்கெட், இரண்டு வேளைச் சாப்பாடு என்று கணக்குப் போட்டதில் அஞ்சலிலேயே வரட்டும் என்று விட்டுவிட்டேன். 1994இல் அட்டைக் குழாயில் சுருட்டி வந்தது. அப்பா குழித்தறியில் லுங்கி நெய்பவர். குழாயிலிருந்து எடுத்தால் தாள் சுருண்டுகொண்டே இருந்தது. மடித்து அடுக்கிய லுங்கிக் கட்டுகளுக்கு அடியில் ஒரு வாரம் வைத்து அதை நிமிர்த்தினார். பிறகு துணியைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். ஓரத்தை இரண்டு விரலால் நெருடி, "நல்ல கஞ்சி ஏறிய தாள்" என்றார். பின்பக்கம் திருப்பினார், எந்தத் துணியையும் அவர் பின்பக்கம் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். அங்கே ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் திருப்பி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, என் பெயரின்மேல் வைத்து ஒரு தேய்ப்பு. சாயம் போகிறதா என்று பார்த்தார்.

போனது. அச்சடித்த எழுத்தெல்லாம் அப்படியே இருக்க, பேனாவால் எழுதியிருந்த என் பெயரின் கடைசி எழுத்து மட்டும் வால் முளைத்ததுபோல் இழுபட்டது.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் தறியில் உட்காராமல் வேலூருக்குப் பஸ் ஏறினார். குடியாத்தத்தில் அவ்வளவு பெரிய தாளுக்கு லேமினேஷன் இயந்திரம் அப்போது இல்லை. லாங் பஜார் பக்கம் ஏதோ ஒரு கடையில் இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, இனி எந்த விரலும் தொட முடியாதபடி செய்து கொண்டுவந்துவிட்டார். தறிக்கு மேலே, முருகன் படத்துக்கும் தாத்தா படத்துக்கும் நடுவில் 30 ஆண்டு தொங்கியது. அதை இப்போது குறை சொல்வது சுலபம். என்னோடு படித்த என் பெரியப்பா மகன் லேமினேஷன் செய்யாமல் தகரப் பெட்டியில் வைத்திருந்தான். ராமபாணப் பூச்சி அதைச் சல்லடையாக்கிவிட்டது. என்னுடையது ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

ஆய்வக நண்பர்களிடம் விஷயத்தைச் சொன்னபோது தேநீர் இடைவேளை முழுவதும் இதே பேச்சுதான். சான்றிதழ் எப்படி இருந்தால் என்ன, படித்தது தலைக்குள் இருக்கிறது என்றார் ஒருவர். அவர் தன்னுடையதை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். வங்கி லாக்கரில் என்றார். இன்னொருவருக்குத் தன் சான்றிதழின் நிறம்கூட நினைவில்லை. நானும் அதுவரை முதலாமவர் கட்சிதான். வேலைக்குச் சேர்ந்தபோது காட்டியதோடு சரி, தறிக்கு மேலே தொங்கியதை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் ஏஜென்ட் "புதிதாக, பளிச்சென்று" என்றதும் வயிற்றில் ஏதோ புரண்டது. அந்தத் தாள் இல்லாமல் வேறு எதைக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கண்ணெதிரே தொங்குவதைத் தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கவும் கை வரவில்லை. கலங்கிய எழுத்துக்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்லட்டும், பிளாஸ்டிக்கை நான் உரிக்கிறேன் என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டேன். "கிழிந்தால் நான் பொறுப்பில்லை" என்றார்.

இங்கே என் தொழில் கைகொடுத்தது. தோலின்மேல் பூசிய ஃபினிஷ் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று இழுத்துப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. லேமினேஷனும் அந்தச் சாதிதான்: மேலே பாலியஸ்டர் தாள், அடியில் சூட்டில் இளகும் பசை. பசை எந்தச் சூட்டில் இளகுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் கிடந்த பழைய மதிப்பெண் பட்டியல் ஜெராக்ஸ் ஒன்று லேமினேஷன் செய்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, தோலின் ஈரப்பதம் பார்க்கும் அடுப்பில் வெவ்வேறு சூட்டில் வைத்தேன். 80 டிகிரி வாக்கில் பிளாஸ்டிக் அழகாக வந்தது. கூடவே எழுத்தெல்லாம் வந்துவிட்டது. வெள்ளைத் தாள் என் கையில், மதிப்பெண் முழுவதும் பிளாஸ்டிக்கில்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடியற்காலையில்தான் புரிந்தது: ஜெராக்ஸ் எழுத்து என்பது சூட்டில் உருகி ஒட்டிய பொடி, சூடு காட்டினால் மறுபடி இளகிப் பசையோடு போய்விடும். அச்சு மையும் பேனா மையும் தாளுக்குள் இறங்கியவை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, அதில் பேனாவால் என் பெயரை எழுதி, லேமினேஷன் செய்து வாங்கி, மறுபடி சோதித்தேன். நின்றது. (உங்கள் சான்றிதழ் லேசர் அச்சாக இருந்தால் இதைப் படித்துவிட்டு இறங்காதீர்கள்.)

ஆய்வக அடுப்புக்குள் பட்டம் நுழையாது. மச்சினி மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். அவளிடம் தலைமுடி உலர்த்தும் கருவியை வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, சாப்பாட்டு மேசைமேல் கண்ணாடிப் பலகை போட்டு அதன்மேல் பட்டத்தை வைத்தேன். கருவியைப் பிடிப்பது மனைவி, உரிப்பது நான். ஓரத்துப் பிளாஸ்டிக்கை வெட்டிவிட்டு, ஒரு மூலையில் சூடு காட்டி, பிளேடு முனையால் படலத்தைக் கிளப்பினேன். முக்கியமான சங்கதி ஒன்று உண்டு: தாளைப் பிடித்து இழுக்கக் கூடாது. தாள் பலகையோடு படிந்தே கிடக்க வேண்டும். பிளாஸ்டிக்கை அதன்மேலேயே பின்னால் மடித்து, படுக்கை வாக்கில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். செங்குத்தாகத் தூக்கினால் தாளின் நாரும் எழும். ஒரு அங்குலம் உரிப்பேன், நிறுத்துவேன், மனைவி சூடு காட்டுவாள், அடுத்த அங்குலம். இடது கீழ் மூலையில் அவசரப்பட்டுவிட்டேன். அரிசி அளவுக்கு நார் எழும்பி, ஓரக்கோட்டில் ஒரு துளி போயிற்று. மனைவி, "நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள்" என்றாள்.

என் பெயரின் அருகே வந்தபோது கருவியை நானே வாங்கிக்கொண்டேன். கடைசி எழுத்தின் வால் பிளாஸ்டிக்குக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. 1994இல் இழுபட்டபடியே இருந்தது.

முன்பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம். பின்பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் தாள் முழுவதும் பிசுபிசுப்பு. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கும் நண்பர்தான் வழி சொன்னார். பசை எடுக்கவும் ஸ்வேட் தோலைச் சுத்தம் செய்யவும் பயன்படும் க்ரேப் ரப்பர் கட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பின்பக்கத்தில் அதை மெதுவாக உருட்டித் தேய்க்க, பசை சிறு சிறு உருண்டையாகத் திரண்டு வந்தது. முன்பக்கத்தில் தேய்க்கப் பயந்து, முகப் பவுடரைத் தூவி, பஞ்சால் துடைத்துவிட்டேன். இன்றைக்கும் அதை முகர்ந்தால் பவுடர் வாசனைதான்.

அதற்குப் பிறகு அலைச்சல்தான். விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், சேப்பாக்கத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். கலங்கிய எழுத்துக்கு விளக்கம் சொல்வதற்காக ரயிலில் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பதிவெண், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு, வகுப்பு, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பதிவேட்டோடு ஒத்துப்போனால் தாள் எந்த அழகில் இருந்தாலும் சரி. அடுத்த அலுவலகத்தில் இன்னும் மோசம். நான் இரண்டரை மணி நேரம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய முன்பக்கத்தை அந்த ஊழியர் ஒரு நொடி பார்த்தார். உடனே கவிழ்த்தார். குத்தினார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். அவளுடைய பட்டத்தில் அவள் புகைப்படம் இருக்கிறது. சான்றிதழில் புகைப்படம் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் எழுதியது. தேர்வு விண்ணப்பத்துக்காக அவசரத்தில் எடுத்த படம் அது. எண்ணெய் வழியும் முகம், ஒரு பக்கம் தூக்கிய பின்னல். "வாழ்நாள் முழுவதும் இந்த மூஞ்சியா?" என்று அன்று அழுதவள், "டிஜிலாக்கரில் இருக்கிறதே அப்பா, காகிதத்தை யார் பார்க்கிறார்கள்?" என்று இப்போது எனக்குப் புத்தி சொல்கிறாள். ஆனால் அந்தக் காகிதத்தை வீட்டுக்கு வருபவர் யாருக்கும் காட்ட விடமாட்டாள்.

தூதரக முத்திரையோடு சான்றிதழ் திரும்பி வந்தது போன வாரம். அப்பாவுக்கு 84 வயது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை நன்றாகவே இருக்கிறது. சுவரில் வெற்று ஆணியைப் பார்த்து நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திண்ணையில் அவர் மடியில் லுங்கியை விரித்து, அதன்மேல் பட்டத்தை வைத்தேன். ஓரத்தை நெருடினார்.

"கஞ்சி போய்விட்டதேடா."

"பசை எடுத்ததில் போயிருக்கும் நைனா."

இடது கீழ் மூலையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கம் திருப்பினார். இந்த முறை அங்கே நீலம், ஊதா, சிவப்பு என்று இடமில்லாமல் முத்திரைகள். ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்து, இது யார் போட்டது, இது யார் போட்டது என்று கேட்டுக்கொண்டே வந்தார். சொன்னேன்.

"இதில் எதற்கு அதிகம் கொடுத்தாய்?"

தூதரக முத்திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். வலது கை கட்டைவிரல் மெதுவாக நாக்குக்குப் போயிற்று.

கையைப் பிடித்துக்கொண்டேன்.