காசிமேட்டில் ஒரே படகுக்கு மூன்று பெயர்கள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு மர விசைப்படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நீலம் உதிர்ந்த இடத்தில் பச்சை தெரிந்தது. பச்சைக்கு அடியில் வெளிறிப்போன இன்னொரு நீலம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ‘புனித சவேரியார்’ என்ற பெயர். அதற்கு அடியில் பாதி எழுத்துகளோடு ‘அங்காளம்மன் துணை’. அதற்கும் அடியில் ஏதோ ஒரு பெண் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும். பதிவெண் மட்டுமே இத்தனை கைமாற்றத்திலும் மாறாமல் நின்றிருந்தது.

எப்படிப் போவது, என்ன பார்ப்பது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் குறிப்பு எடுத்துக்கொண்டு போனேன். அந்த மூன்று பெயர்களைப் பார்த்த பிறகு வரிசை எல்லாம் போய்விட்டது. செலவுக் கணக்கு மட்டும் கையை விட்டுப் போகவில்லை, ஆகவே அது நடுநடுவே வரும்.

முதல் செலவு ஆட்டோ. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து காசிமேட்டுக்கு சுமார் ஐந்து கிலோமீட்டர். ஓட்டுநர் கேட்டது 300 ரூபாய். 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குப் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். கணக்குப் போட்டால் 65 ரூபாய்கூட வராது. அந்தக் கட்டணம் காலத்துக்கு ஒவ்வாதது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நான்கு மடங்குக்கு மேல் கேட்பதும், “ஹார்பர் பக்கம் வந்தா ரிட்டன் சவாரி கிடைக்காது சார்” என்று சொல்லிவிட்டு, நான் இறங்குவதற்குள் மீன் கூடையோடு நின்ற இரண்டு பெண்களை ஏற்றிக்கொள்வதும் நியாயமாகப் படவில்லை. பேரம் பேசி 180-க்குக் குறைத்தேன். மெட்ராஸில் கடலோரமாகப் போகிறவனிடம் கூடுதலாகப் பிடுங்குவது பழைய வழக்கம்தான். கம்பெனி காலத்தில் இங்கே வந்திறங்கிய வெள்ளைக்காரப் பயணிகள், அலையைத் தாண்டிக் கரை சேர்க்கும் படகோட்டிகள் காசு கறப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புலம்பி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படகோட்டிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கால் ஊன்றிய இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று எதுவும் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வந்தாக வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல், தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. உள்ளே வங்கு என்கிற விலாக்கட்டைகளும் இல்லை. மணலில் அலை தூக்கி அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். 1861-இல் இரும்புப் பாலத்துறை வந்த பிறகும், 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகும், 1881 புயல் அந்தக் கட்டுமானத்தைச் சிதைத்த பிறகும் அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. இந்த நகரத்துக்குள் வந்த ஆளுநர், பாதிரியார், பியானோ, குதிரை எல்லாம் நாலு முழக் கயிற்றை நம்பித்தான் வந்திறங்கின. அப்படியிருக்க, ஒரு மசூலாப் படகை முழு உருவில் கட்டி, நிழற்கூரை போட்டு, மெரினாவில் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? சிலைகளுக்கு இடம் கிடைக்கிற கடற்கரையில் படகுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

காசிமேட்டுக்குத் திரும்புகிறேன். நான் போனது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆண்டு முழுவதும் தண்ணீரில் கிடக்கிற மரத்துக்கு மருத்துவம் பார்க்கிற காலம் இதுதான். துறைமுகம் முழுவதும் சுத்தியல் சத்தமும், ரெசினின் காரமான நெடியும், அக்னி நட்சத்திர வெயிலும் கலந்து அடிக்கின்றன. தொப்பி, தண்ணீர் இரண்டும் இல்லாமல் போகாதீர்கள்.

‘புனித சவேரியார்’ படகின் நிழலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். “ஐயா, இந்தப் படகு எத்தனை பேர் கைமாறியிருக்கும்?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முதலில் என்னை உட்காரச் சொன்னார். பிறகு அவர் சொன்னவற்றை அவருடைய பேச்சின் சுவை கெடாமல் எழுத எனக்குத் திறமை போதாது, ஆகவே சாரத்தை மட்டும் தருகிறேன்.

இந்தப் படகைக் கட்டும்போது அவர் தம் அப்பாவோடு சேர்ந்து வேலை செய்தவர். வங்குகளுக்கு நாட்டுக் கருவேலம், அதுவும் இயல்பிலேயே வளைந்து வளர்ந்த கிளைகளாகத் தேடிப்பிடித்து வாங்கினார்களாம். நேரான மரத்தை அறுத்து வளைவு கொண்டுவந்தால் அலையடியில் அந்த இடத்திலேயே ஒடியும் என்றார். முதல் உரிமையாளர் தம் மகளின் பெயரைப் படகுக்கு வைத்தார். சில ஆண்டுகள் கழித்து அதே மகளின் கல்யாணத்துக்காகத்தான் அந்தப் படகை விற்றார். வாங்கியவர் குலதெய்வத்தின் பெயரை எழுதினார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி படகைத் தூக்கிப் பக்கத்துப் படகின் மேல் வீசியதில் ஒரு பக்கப் பலகைகள் மொத்தமும் போயின. மரத்துக்கும் கூலிக்கும் மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் கொடுத்தவருக்கே பிடித்த மீனைக் கொடுக்க வேண்டும் என்பது கரையின் வழக்கம். கடன் தீரவில்லை, படகு போயிற்று. இப்போது மாமன் மச்சான் இருவர் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள், பழைய கடனில் ஒரு பகுதியையும் சேர்த்துத்தான் வாங்கினார்களாம்.

“அப்படியென்றால் முதலில் கட்டிய படகில் இப்போது என்னதான் மிச்சம்?” என்றேன். எழுந்து, குனிந்து, படகின் அடியில் நீளமாக ஓடும் ஏராவை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். ஏராவும், ஏழெட்டு வங்குகளும்தான் பழையவை. பலகைகள் எல்லாம் வெவ்வேறு ஆண்டுகளில் மாற்றியவை. லாரிக்குப் போடுகிற அசோக் லேலண்ட் இன்ஜின் ஒன்று இருந்தது, அதுவும் போய் வேறு வந்துவிட்டது. அமரம் என்கிற பின்முனைப் பக்கம் ஒரே ஒரு பலகையைக் காட்டி, “இது எங்கப்பா இழைச்சது, இத மட்டும் மாத்த உடமாட்டேன்” என்றார். சட்டப்படி அந்தப் படகில் அவருக்கு ஒரு பைசா உரிமை கிடையாது. பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர்களின் பெயர்கள் இருக்கும், நீளம் இருக்கும், குதிரைத்திறன் இருக்கும். எந்தப் பலகை யார் கையால் எந்த ஆண்டில் ஏறியது என்பது அதில் இருக்காது. என்னைக் கேட்டால் அந்தப் படகின் உண்மையான பதிவேடு அவர்தான் என்பேன்.

அவருடைய உதவியாளர் கலப்பத்து போட்டுக்கொண்டிருந்தார். திரித்த பஞ்சை இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் வைத்து, நுனி தட்டையான உளியால் அடித்து உள்ளே இறக்குகிறார். முதலில் ‘பொத் பொத்’ என்று சத்தம் வருகிறது. பஞ்சு நிறைய நிறையச் சத்தம் இறுகிக்கொண்டே போய், கடைசியில் கட்டையில் அடிப்பது போலக் ‘கண்’ என்று கேட்கிறது. அந்த ஓசை வந்தால்தான் அடுத்த சாணுக்கு நகர்கிறார். எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை அதன் மேல் பூசிய காலம் ஒன்று உண்டு. இப்போது பல படகுகளில் மரத்துக்கு மேலேயே கண்ணாடி இழைப் பாயை ஒட்டி ரெசின் பூசி மூடிவிடுகிறார்கள். தண்ணீர் கசியாது, கடல் புழு துளைக்காது. உள்ளே மரம் மூச்சுமுட்டி அழுகினாலும் வெளியே தெரியாது என்று மேஸ்திரி முகம் சுளித்தார். அவர் பிழைப்பு சார்ந்த பேச்சு என்று சிலர் சொல்லலாம். பக்கத்தில் உறை பிரித்துப் போட்டிருந்த ஒரு படகின் பலகையில் விரலை வைத்தேன், ஈர ரஸ்க் போல உதிர்ந்தது.

மதியச் சாப்பாடு இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த செலவு. துறைமுக வாசலைத் தாண்டி ஒரு சந்தில், பெயர்ப்பலகையே இல்லாத கடையில், மடவை மீன் குழம்பும் சோறும். தடைக்காலத்தில் வஞ்சிரம் விலை கேட்கவே பயமாக இருந்தது. ஆனால் பழவேற்காடு ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற மடவை தடைக்காலத்திலும் கிடைக்கிறது. முந்தின நாள் வைத்த குழம்பு, புளியும் மிளகாயும் மீனுக்குள் ஊறி, மேலே எண்ணெய் மிதந்து நின்றது. கடைக்கார அம்மா கேட்காமலேயே இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். 120 ரூபாய். நகரத்துக்குள் குளிர்சாதன ஓட்டல்களில் இதில் மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு, பாதிச் சுவைகூடத் தருவதில்லை.

சாப்பிட்டுவிட்டு, மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துக்குப் புறப்பட்டேன். பேருந்து ராஜாஜி சாலையில் வெயிலில் நின்றுவிட்டது. அடுத்ததில் ஏறினால் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நொச்சிக்குப்பத்தில் கட்டுமரம் பார்க்கலாம் என்று போனவனுக்கு ஃபைபர் படகுகள்தான் வரிசையாக எதிரே நின்றன. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் அரசும் கொடுத்த ஃபைபர் படகுகள் இந்தக் கரையையே மாற்றிவிட்டன. ஒரே ஒரு கட்டுமரம் கயிறு அவிழ்த்து, மரங்கள் தனித்தனியாக மணலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மரம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக் கட்டலாம். அதன் மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், நடுமரம் தம் அண்ணன் காலத்தது என்றார். அதற்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

கைமாறும் படகுகளைப் பற்றிப் பேசும்போது ‘அன்னபூரணி’யைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட பாய்க்கப்பல் அது. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாகச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெயர் மாறியும் அதன் கதை அழியவில்லை என்றால், எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய ‘திரிகோணமலை’ என்ற போர்க்கப்பலும் அப்படித்தான்: 1897-இல் உடைப்பதற்கு விற்கப்பட்ட பிறகு வீட்லி காப் என்பவர் அதை மீட்டு ‘ஃபுட்ராயன்ட்’ ஆக்கினார், 1992-இல் பழைய பெயரே திரும்பி வந்தது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள்.

நம் மரப் படகுகளின் கடைசி கைமாற்றம் இவ்வளவு கௌரவமானதாக இல்லை. பாக் நீரிணையில் பிடிபட்ட நம் மீனவர்களின் 105 படகுகளை 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு ஏலம் விட்டது. 2017-இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய படகுக்கு 70 சதவீதம் மானியம் அறிவித்தார்கள்; பழைய இழுவைப்படகை உடைத்துவிட வேண்டும், அல்லது பாக் நீரிணைப் பகுதிக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. கடலடியைச் சுரண்டுகிற இழுவை மடி என்கிற வலை ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உடைப்பதற்கு முன் ஒரு புகைப்படம், ஓர் அளவெடுப்பு, கட்டிய மேஸ்திரியின் பெயர், உரிமையாளர்களின் வரிசை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? 1920-களுக்கு முன்பே மெட்ராஸ் மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் கரை கரையாகப் போய் நம் படகுகளை வரைந்து எழுதிவைத்தார். இப்போது ஆளுக்கொரு கேமரா பையில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். அதன் பிறகு பெயின்ட் அடித்து முடித்து, ஐஸும் டீசலும் ஏற்றுகிற அவசரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. காலை ஏழு மணிக்குள் போனால் வெயில் தாங்கும். படம் எடுப்பதற்கு முன் படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, முதல் உரிமையாளர் யார் என்று கேளுங்கள். ராயபுரம் வரை ரயிலில் போய் ஷேர் ஆட்டோ பிடித்தால் போக வர 60 ரூபாய்க்குள் முடியும்.