மாட்டுச் சந்தையில் ஒரு வளைவு

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் அச்சோவியங்களுக்குக் குறிச்சொல் போடும் வேலையில் 3 வருடம் இருந்தேன். அலுவலகம் சென்னையில், திரையில் 17-ஆம் நூற்றாண்டு ரோம். நாளுக்கு 40 படங்கள் முடிக்க வேண்டும். பரோக் கால (அந்த நூற்றாண்டின் ஐரோப்பியக் கலைப்பாணி) நிலக்காட்சி எட்ச்சிங், அதாவது செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம், வந்தால் கொண்டாட்டம்தான். உடைந்த தூண் ஒன்று கண்ணில் பட்டால் போதும், ‘நிலையாமை’ என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

ஓவியர் க்ளோட் லொரேன் 1636-இல் செய்த ‘காம்போ வச்சீனோ’வும் அப்படித்தான் வந்தது. பழைய ரோமின் ஃபோரம், அதாவது ஊர்ப் பொதுச் சதுக்கம். அதில் ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வெற்றி வளைவு குட்டையாக நின்றது. “விகிதம் சரியில்லை” என்று குறிப்பெழுதி அனுப்பினேன். மறுநாள் சரிபார்க்கும் அக்கா கூப்பிட்டார்.

“இங்க பாருப்பா, வளைவு குட்டை இல்ல, தரைதான் ஒசந்திருக்கு. கீழ்ப்பாதி மண்ணுக்குள்ள கெடக்கு.”

நூற்றாண்டுக் கணக்கில் மண்ணும் குப்பையும் சேர்ந்து மேடான இடம் அது. அங்கே மாட்டுச் சந்தை கூடியது. காம்போ வச்சீனோ என்றாலே மாட்டு வெளி. வளைவைச் சுற்றியிருந்த மண்ணை அள்ளியது 19-ஆம் நூற்றாண்டில்தான். க்ளோட் கண்டதை வரைந்திருக்கிறார். இன்றைய போட்டோவை வைத்துக்கொண்டு அவரைத் திருத்தக் கிளம்பியவன் நான்.

அப்புறம்தான் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினேன். செம்புத் தகட்டின் மேல் பூசிய மெழுகில் ஊசி பேனா மாதிரி ஓடும்; உளியால் தள்ளித் தள்ளிச் செதுக்கும் வேலையில் அந்தச் சுதந்திரம் இல்லை. காரை பெயர்ந்த சுவரும் இடுக்கில் முளைத்த செடியும் இந்த ஊசிக்கென்றே இருப்பது போலத் தோன்றும். ஊசி கீறிய இடத்தில் அமிலம் செம்பைத் தின்னும். தொலைவில் உள்ள கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு, அருகில் உள்ளவற்றை மட்டும் அமிலம் இன்னும் கொஞ்ச நேரம் தின்ன விடுவார்கள். அதனால் தூரத்து இடிபாடு வெளிறித் தெரியும். பல பிரதிகள் எடுத்தால் தகடே தேய்ந்துபோகும். கடைசிப் பிரதிகளில் வானம் பாதி காணாமல் போயிருக்கும். சிதிலத்தை வரைந்த தகடும் சிதிலம்!

எல்லா இடிபாட்டுக்கும் ஒரே பொருள் என்று வைத்திருந்ததுதான் என் தப்பு. இத்தாலிய ஓவியர் காஸ்டில்யோனே 1645-இல் செய்த ‘டெம்போராலிஸ் ஏட்டெர்னிடாஸ்’ படத்தில் கல்லறைக்கு நடுவே ஆட்கள் நிற்கிறார்கள், தலைப்பே காலத்துக்குள் சிக்கிய நித்தியம். அங்கே நிலையாமை சரி. க்ளோடின் ஆட்களோ வளைவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அரட்டையடிக்கிறார்கள்.

அன்று 40-இல் 11 தான் முடிந்தது. டீம் லீடின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. சரி என்று ‘காம்போ வச்சீனோ’வை மறுபடி திறந்து புதிதாகப் போட்டேன்: வளைவு, தூண், மண்மேடு, மாட்டுச் சந்தை, அரட்டை. கடைசிச் சொல்லை மட்டும் அக்கா அடித்துவிட்டார்.