பழைய மவுண்டன் பைக்கும் புதிய முன்ஃபோர்க்கும்

நான் ஓட்டும் மவுண்டன் பைக் 1996-ஆம் ஆண்டு தயாரிப்பு: எஃகுச் சட்டகம், 26 அங்குலச் சக்கரங்கள். முன்சக்கரத்தைப் பிடித்து, அமுங்கி அதிர்ச்சியை வாங்கும் அதன் முன்ஃபோர்க்குக்குள் சுருள்வில்லுக்குப் பதிலாக எலாஸ்டோமர் எனப்படும் ரப்பர் போன்ற உருளைகள் அடுக்கப்பட்டிருந்தன. அக்காலத்தில் பரவலாக இருந்த இந்த உருளைகள் வயதாக ஆக இறுகிவிடும். குளிர் பட்டால் இன்னும் விறைத்துப்போகும். நீலகிரியின் ஜனவரிக் காலைகளில் கற்கள் நிறைந்த இறக்கத்தில் அந்த ஃபோர்க் அசையவே இல்லை, அதிர்ச்சி முழுவதையும் மணிக்கட்டுகள்தான் வாங்கின.

ஆகவே 100 மில்லிமீட்டர் அமுங்கும், காற்றழுத்தத்தால் இயங்கும் ஃபோர்க் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சட்டகத்துக்குள் நுழையும் ஸ்டீரர் குழாயின் தடிமனும் சக்கர விளிம்பைப் பிடிக்கும் வி-பிரேக்குக்கான முளைகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன், நீளத்தைப் பார்க்கவில்லை. இறக்கத்தில் வண்டி அருமையாக ஓடியது. ஏற்றத்திலோ முன்சக்கரம் நேர்கோட்டில் நிற்க மறுத்து இடமும் வலமுமாக அலைந்தது.

காரணம் நீளம். அக்கால ஃபோர்க்குகள் குறைவாகவே அமுங்கும்: பால் டர்னர் உருவாக்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த ஆர்.எஸ்.-1 ஃபோர்க் 48 மில்லிமீட்டர்தான் அமுங்கும். என் சட்டகம் 63 மில்லிமீட்டர் ஃபோர்க்கை எண்ணி வரையப்பட்டது. சக்கர அச்சிலிருந்து, ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் கிரவுன் வரை அளந்தபோது பழையது 425 மில்லிமீட்டரும் புதியது 470 மில்லிமீட்டரும் இருந்தன. ஆனால் வெறும் வண்டியை அளந்து பயனில்லை. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தானாக இறங்கும் அளவைக் கழித்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தால் பழையது 412, புதியது 450. இந்த அளவு சக்கர இடைவெளி கொண்ட வண்டியில் முன்பகுதி 20 மில்லிமீட்டர் உயர்ந்தால், சட்டகத்தில் ஃபோர்க் செருகப்படும் ஹெட் குழாயின் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சாய்கிறது. 71 பாகையாக இருந்த கோணம் 69-ஆகச் சரிந்ததால்தான், மெதுவாக ஏறும்போது ஹேண்டில்பார் தானே ஒரு பக்கம் விழப் பார்த்தது. இருக்கையும் பின்னால் சாய்ந்து, முன்சக்கரத்தின் மேல் எடையே இல்லாமல் போயிற்று. நீளமான ஃபோர்க் ஹெட் குழாயின் பற்றவைப்பை நெம்புகோல்போல் இழுக்கும் என்பதால், பழைய சட்டகத்துக்கு இது பாதுகாப்பும் அல்ல.

நல்லவேளையாக, இந்த ஃபோர்க்கின் உள்ளே பிளாஸ்டிக் இடைவளையம் ஒன்றைப் போட்டு நீளத்தையும் அமுங்கும் தூரத்தையும் 20 மில்லிமீட்டர் குறைக்க முடியும். கழற்றிய கையோடு தூசியைத் தடுக்கும் சீலுக்குக் கீழிருக்கும் நுரைவளையங்களை எண்ணெயில் ஊறவைத்தேன். காய்ந்த வளையத்தோடு எந்த அளவை வைத்தாலும் அது உண்மையான அளவாக இராது.

பிறகு காற்று. சிறிய அறையில் மிகுந்த அழுத்தம் வேண்டியிருப்பதால் டயர் பம்ப் இதற்கு உதவாது. ஃபோர்க்குக்கென உள்ள ஷாக் பம்ப்தான் வேண்டும். ஆள் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, ஃபோர்க்கின் குழாயில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, தண்ணீர்ப் புட்டியும் பையும் உட்பட ஓட்டும்போது இருக்கும் முழு எடையோடு சுவரைப் பிடித்து மெல்ல ஏறி, குலுக்காமல் இறங்கினேன். வளையம் 16 மில்லிமீட்டரில், அதாவது குறைத்தபின் மிஞ்சிய 80-இல் ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும்வரை காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஃபோர்க் மீண்டெழும் வேகத்தைத்தான் பலரும் அளவுக்கு மீறிக் குறைத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கையால் அமுக்கிப் பார்க்கும்போது அது நிதானமாக, சுகமாகத் தெரியும். ஆனால் அடுத்தடுத்து கற்கள் வரும்போது ஒவ்வொரு அடிக்கும் இடையில் முழுமையாக எழ நேரமின்றி ஃபோர்க் கீழேயே தங்கி, கடைசியில் கட்டைபோல் ஆகிவிடும். துள்ளல் தொடங்கும்வரை வேகத்தைக் கூட்டி, அங்கிருந்து ஒரு கிளிக் மட்டும் பின்வாங்கினேன்.

ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் 130 மில்லிமீட்டராக இருந்தது. 90-க்கு மாற்றி, 560 மில்லிமீட்டர் ஹேண்டில்பாரின் இடத்தில் 680 போட்டேன். ஸ்டெம் குட்டையானால் எடை மேலும் பின்னுக்குப் போகும் என்பதால், அதைக் கவிழ்த்து மாட்டிக் கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளினேன்.

இப்போது கோணம் ஏறத்தாழ 70 பாகை. கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்துச் செங்குத்தான ஏற்றத்தில், மிகச் சிறிய பல்சக்கரத்தில் மிதிக்கும்போதும் முன்சக்கரம் நான் பார்க்கும் கோட்டிலேயே செல்கிறது.