கார் ஹீட்டரில் சூடு பத்தவில்லையா? ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

முதலில், குறைவது காற்றா சூடா என்று பாருங்கள். காற்றே மெதுவாக வந்தால் பெரும்பாலும் கேபின் ஃபில்டர் (வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) அடைப்புதான், மாற்றினால் தீர்ந்தது. காற்று பலமாக அடித்தும் வெதுவெதுப்பாகவே இருந்தால் கோளாறு வேறு இடத்தில்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். கூலண்ட் குறைந்தால் பல வண்டிகளில் காற்று போய் அடைவது ஹீட்டர் கோரில்தான் (சூடான கூலண்ட் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்). ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது) சில்லென்றும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடாகவும் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஊற்றி நிரப்பியதோடு விடாமல் கூலண்ட் எங்கே கசிந்து போனது என்றும் தேடுங்கள். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரம், இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு என்றால் கோரே கசிகிறது.

அளவு சரியென்றால் எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஹீட்டரை உச்சத்தில் வையுங்கள். ஃபயர்வாலுக்குள் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் லேசாகத் தொடுங்கள். இரண்டுமே கை வைக்க முடியாத சூடா? கூலண்ட் பக்கம் குறையில்லை. உள்ளே பிளென்ட் டோர் (சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவு) பெரும்பாலும் திரும்பவில்லை. டாஷ்போர்டுக்குள் டிக் டிக் சத்தம் கேட்டால் அதைத் திருப்பும் சிறு மோட்டாரான ஆக்சுவேட்டரில் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். இரண்டும் வெதுவெதுப்பு, டெம்பரேச்சர் முள்ளும் வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானபின் ரேடியேட்டருக்குக் கூலண்டைத் திறந்துவிடும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கிறது. அதை கேஸ்கெட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

ஒன்று கொதித்து மற்றொன்று ஆறிக் கிடந்தால் கோர் அடைப்பு. ஹோஸ் வழியில் ஹீட்டர் வால்வு (கோருக்குப் போகும் கூலண்டைத் திறந்து மூடுவது) இருக்கும் வண்டியில் அது திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆறிய எஞ்சினில் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் குழாய் வழியாக எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். வேகம் குறைவாகவே இருக்கட்டும், கோரின் குழாய்கள் மெல்லியவை. முதலில் துருநிறக் கலங்கல் வரும். தெளியும்வரை திசை மாற்றி மாற்றி விடலாம். கசிவடைக்கும் பவுடர் போட்ட வண்டிகளில் பிசின் போலக் கட்டிகளும் வரும். அந்தப் பவுடரை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெளிவரும் பழைய கூலண்டைத் தரையில் விடாமல் பிடித்து வையுங்கள், நச்சு அது.

ஹோஸ்களைத் திரும்ப மாட்டி, வண்டியின் கையேடு சொல்லும் வகைக் கூலண்டையே டிஸ்டில்டு வாட்டரோடு 50:50 கலந்து நிரப்புங்கள். பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஆறிய நிலையிலேயே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை உச்சத்தில் போட்டு ஐடிலில் ஓட விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கினால் குமிழிகள் வரும். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் வேலை சுலபம். எவ்வளவு நேரம் ஓட்டியும் குமிழி நிற்கவில்லையா? ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பான்) மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.