ரெண்டாவது அட்டெம்ப்ட்ல வைவா பாஸ்: லுகேமியா செல் லைன்ல பி செல் படிக்கிறவங்களுக்கு

நேத்து ரிசல்ட் வந்துச்சு, பாஸ். போன தடவை இதே காம்ப்ரிஹென்சிவ் வைவால (வாய்மொழித் தேர்வு) ஃபெயில் ஆனவன், அதனால மறக்கறதுக்குள்ள எழுதிடறேன். டாபிக் இதான்: ஆன்டிபாடி பண்ற பி செல் படிப்படியா எப்படி உருவாகுதுன்னு லுகேமியா செல் லைன்ல, அதாவது லேப்ல வளர்த்துட்டே இருக்கிற ரத்தப் புற்றுசெல்லுல பாக்கறது.

போன தடவை என்னைக் கவுத்தது ஒரே வரி. "நால்ம்-6 ஒரு ப்ரீ-பி செல்"னு சொன்னேன் (நால்ம்-6 அப்படி ஒரு லைன்; ப்ரோ-பி, ப்ரீ-பி, அப்புறம் முதிர்ந்த பி செல்ங்கறது ஸ்டேஜ் வரிசை). "அப்போ ஏன் அடுத்த ஸ்டேஜுக்குப் போகாம அங்கேயே நிக்குது?"ன்னு கேட்டாங்க. வாயே திறக்கல. செல் மேல இருக்கிற சிடி19, சிடி10 புரதம், சைட்டோபிளாசத்துல மியூ செயின் (ஆன்டிபாடியோட ஹெவி செயின்)னு ஸ்டேஜ காட்டற மார்க்கர் எல்லாம் மனப்பாடம், ஆனா அது 1976ல நோய் திரும்பி வந்த 19 வயசுப் பையனோட ரத்தத்துல இருந்து வந்த புற்றுசெல், ப்ரீ-பி மாதிரி இருக்கே தவிர நார்மல் ப்ரீ-பி இல்லைங்கறத நான் யோசிச்சதே இல்ல.

இந்த தடவை ஒவ்வொரு லைனுக்கும் நடுவுல கோடு போட்டு ரெண்டு பக்கமா எழுதினேன். இடப்பக்கம் அந்த ஸ்டேஜோட குணம், வலப்பக்கம் லுகேமியா பண்ண வேலை. வேற எதுவும் படிக்காட்டியும் இத பண்ணுங்க.

- ஆர்இஎச்: ப்ரோ-பி, மியூ கிடையாது. வலப்பக்கம் ஈடிவி6-ரன்எக்ஸ்1 ஃபியூஷன் (ரெண்டு ஜீன் உடைஞ்சு ஒட்டிக்கிட்டது).
- ஆர்எஸ்4;11: இன்னும் முன்னாடி, சிடி10 இல்ல. எம்எல்எல் ஜீன் ஃபியூஷன், மைலாய்ட் (வேற வகை ரத்த செல்) பக்கமும் சாயும்.
- 697: ப்ரீ-பி. ஈ2ஏ-பிபிஎக்ஸ்1 ஃபியூஷன். பி செல் உருவாகவே ஈ2ஏ வேணும், அந்த ஜீனே உடைஞ்ச லைன் இது.
- நால்ம்-6: எம்எஸ்எச்2 ஜீன் போயிடுச்சு, அதனால மிஸ்மேட்ச் ரிப்பேர் (டிஎன்ஏ காப்பில வர்ற தப்ப திருத்தறது) இல்ல, பாசேஜ் (புதுசா பிரிச்சு வளர்க்கிற தடவை) ஏற ஏற மாறிட்டே இருக்கும். ஆரம்ப பாசேஜையே ஃப்ரீஸ் பண்ணி வைங்க.
- ராஜி, ராமோஸ்: எடுக்கவே எடுக்காதீங்க, பர்கிட் லிம்ஃபோமா, முதிர்ந்த செல்.

அந்த "ஏன் நிக்குது"க்கு பதில் இதான். நார்மல் செல்லுல ப்ரீ-பிசிஆர் (ப்ரீ-பி செல்லோட ரிசெப்டர்) சிக்னல் வந்ததும் சில ரவுண்டு பெருகும், அப்புறம் பெருகுறத நிறுத்தணும், நிறுத்தினா தான் ராக் (ஆன்டிபாடி ஜீன வெட்டி ஒட்டற என்சைம்) திரும்ப ஏறி, ஆன்டிபாடியோட இன்னொரு பாதியான லைட் செயின் ஜீன் ரீஅரேஞ்ச் ஆகும். அதான் அடுத்த ஸ்டேஜ். லுகேமியா நிறுத்தவே விடாது. 2003ல ஏபெல்சன் வைரஸ் போட்டு புற்றுசெல்லா மாத்தின எலி ப்ரீ-பி செல்லுல, செல்ல பெருக வைக்கிற அந்த வைரஸோட கைனேஸ் என்சைம இமாட்டினிப் மாதிரி மருந்தால அடக்கினதும் செல் பெருகறது நின்னு, லைட் செயின் ரீஅரேஞ்ச்மென்ட் ஆரம்பிச்சத காட்டினாங்க. இத சொன்னதும் எக்ஸாமினர் முகமே மாறிடுச்சு, எனக்கு அங்கயே பாதி உயிர் வந்துச்சு.

"அப்போ எலியே போதுமே"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. ஐஎல்-7ங்கற வளர்ச்சி சிக்னல வாங்கற ரிசெப்டர் இல்லாத எலிக்கு பி செல் ரொம்பக் குறைஞ்சிடும், அதே குறையோட பிறக்கிற குழந்தைங்களுக்கு டி செல் இருக்காது, ஆனா பி செல் இருக்கும். இது ஒன்னே போதும், மனுஷ செல் ஏன் வேணும்னு சொல்ல.

கடைசிக் கேள்வி, லைன்ல வந்த ரிசல்ட்ட எங்க செக் பண்ணுவீங்கன்னு. எலும்பு மஜ்ஜைல இருந்து சிடி34, சிடி19 வெச்சு சார்ட் பண்ண நார்மல் செல்லுல, அதுவும் வலப்பக்கம் எழுதின ஒவ்வொன்னையும் முதல்லன்னேன். போலாம்னுட்டாங்க.