சிவப்புப் பேனாவும் 'தி'யும்

ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தித் திருத்தி என் சிவப்புப் பேனாதான் தீர்ந்தது, பிள்ளைகளின் பிழை தீரவில்லை. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணத் திருத்தமே வீண் என்று 1996-லேயே ஜான் ட்ரஸ்காட் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் எழுதினார். 1999-ல் டானா ஃபெரிஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் அதை மறுத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை.

திருத்தமே வீண் என்னும் அளவுக்கு நான் போகமாட்டேன். இப்போது ஒரு கட்டுரையில் ஒரே ஒரு பிழை வகையைத்தான் திருத்துகிறேன். இந்த வாரம் ஆங்கில 'தி' (the). தமிழில் அதற்கு ஈடாக ஒரு சொல்லே கிடையாது, பிறகு எப்படிக் கண்ணில் படும்? விடையை எழுதித் தருவதில்லை; அடிக்கோடு மட்டும். அவர்களே யோசித்துத் திருத்தி மறுபடி எழுத வேண்டும்.

நேற்று ஒரு மாணவி கேட்டாள்: "சார், 'சன்'னுக்கு 'தி' போடணும், 'வீனஸ்'க்கு ஏன் கூடாது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து பதில்: "அது பேரு. பேருக்கு எதுக்கு 'தி'?"

பேராக இருந்தும் 'தி' வாங்கும் 'தி நெதர்லாண்ட்ஸ்' பற்றி யாரும் கேட்காதது என் அதிர்ஷ்டம்.